இரண்டு பூஜ்யம், ஒரு கேட்ச்: பழைய கிரிக்கெட்காரர் ஒருவரின் வாழ்க்கையை எழுதும் முறை

சோமனூரில் எனக்கு எட்டுத் தறி ஓடுகிறது. வாரத்தில் ஆறு நாள் தறிச் சத்தம், ஞாயிற்றுக்கிழமை ஸ்கோர் புக். பள்ளிக்கூட நாளில் கையில் எடுத்த பென்சில் அது. முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது, இன்னும் கீழே வைக்கவில்லை.

போன ஆடியில் அக்கா மகள் வீட்டுக்கு வந்தாள். கோவையில் பி.ஏ. வரலாறு, இரண்டாம் வருஷம். 19ஆம் நூற்றாண்டு அமெச்சூர் விளையாட்டு வீரர் ஒருவரைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதி வகுப்பில் வாசிக்க வேண்டுமாம். செல்போனை என்னிடம் நீட்டினாள். "ஜி. எஃப். கிரேஸ். பிறப்பு 1850. இறப்பு 1880. டெஸ்ட் 1. ரன் 0. சராசரி 0.00." அவ்வளவுதான் இருந்தது.

"ஏனுங் மாமா, ஒரு ரன்னுகூட அடிக்காத ஆளப் பத்திப் பத்துப் பக்கம் எழுத முடியுங்களா?"

"முடியும் அம்மணி. மொதல்ல அந்த ஸ்கோர் ஷீட்ட முழுசாக் கொண்டா."

நாலு ஞாயிறு உட்கார்ந்தோம். மேட்ச் முடிந்து வெயில் தாழ்ந்த பிறகு, திண்ணையில். அப்படி உட்கார்ந்தபோது பிடிபட்ட வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். கிரேஸ் குடும்பத்துக்கு மட்டுமல்ல, அந்தக் காலத்து எந்த அமெச்சூர் ஆட்டக்காரருக்கும் இது பொருந்தும்.

பெயர் எழுதியிருக்கும் விதத்தைப் பாருங்கள்

ரன்னைப் பார்ப்பதற்கு முன்னால் பெயரைப் பாருங்கள். அந்தக் கால இங்கிலாந்து ஸ்கோர் அட்டையில் ஒருவருக்கு 'மிஸ்டர்' போட்டு, முதலெழுத்துகளும் போட்டு, 'மிஸ்டர் ஜி. எஃப். கிரேஸ்' என்று இருக்கும். அதே அணியில் இன்னொருவருக்கு வெறும் 'ஷா', வெறும் 'மோர்லி'. அச்சுக்காரர் தவறவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. மரியாதை போட்டவர் அமெச்சூர், மொட்டையாக இருப்பவர் சம்பளத்துக்கு ஆடும் புரொஃபஷனல். லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் இரண்டு வகையினரும் உடை மாற்றும் அறையே வேறு வேறு, மைதானத்துக்குள் இறங்கும் வாசலும் வேறு. 20ஆம் நூற்றாண்டின் நடுவில்கூட, ஒரு புரொஃபஷனலின் முதலெழுத்துகளைத் தெரியாமல் பெயருக்கு முன்னால் அச்சடித்துவிட்டு, அதைத் திருத்தி ஒலிபெருக்கியில் அறிவிப்பு செய்திருக்கிறார்கள். அமெச்சூர்களின் ஜென்டில்மென் அணிக்கும் புரொஃபஷனல்களின் பிளேயர்ஸ் அணிக்கும் ஆட்டம் தொடங்கியது 1806-ல். கிரிக்கெட் விதிகளை வகுக்கும் எம்.சி.சி. கிளப் இந்தப் பிரிவினையை எடுத்துப்போட்டது 1962-ல். ஆக, நூற்றைம்பது வருஷத்துக்கும் மேல்.

1880 செப்டம்பர் 6, 7, 8 தேதிகளில் லண்டன் ஓவல் மைதானத்தில் ஆஸ்திரேலியாவை எதிர்த்து ஆடிய இங்கிலாந்து அணியை எடுத்துக்கொள்ளுங்கள். கேப்டன் லார்டு ஹாரிஸ். பதினோரு பேரில் பார்ன்ஸ், ஷா, மோர்லி மூவர் மட்டுமே புரொஃபஷனல்கள். மீதி எட்டுப் பேரும் அமெச்சூர். அந்த எட்டில் மூன்று பேர் ஒரே வீட்டுப் பிள்ளைகள்: இ. எம். கிரேஸ், டபிள்யூ. ஜி. கிரேஸ், கடைக்குட்டி ஜி. எஃப். என்கிற ஃப்ரெட்.

ஹாரிஸ் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அவருடைய அப்பா 1854 முதல் 1859 வரை மதராஸ் கவர்னராக இருந்தவர். இவர் 1890-ல் பம்பாய் கவர்னராக வந்தார். பழைய அட்டையில் ஒரு பெயர் எங்கே போய்த் தொடும் என்று சொல்லவே முடியாது. ஒவ்வொரு பெயரையும் ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிடுவது நல்லது.

காசு எங்கிருந்து வந்தது?

இந்தக் கேள்வியைக் கேட்காமல் அமெச்சூர் ஒருவரின் வாழ்க்கையை எழுத உட்காராதீர்கள். ஆட்டத்துக்குக் கூலி வாங்காதவர்தான் அமெச்சூர் என்றால், வருஷத்தில் நாலைந்து மாதம் ஊர் ஊராகப் போய் ஆடியவர் சாப்பாட்டுக்கு என்ன செய்தார்? நிலமா, அப்பா சொத்தா, வேலையா?

நம் பக்கத்து டென்னிஸ் பால் டோர்னமென்ட் பார்த்தவர்களுக்கு இதைப் புரியவைக்க அதிக நேரம் ஆகாது. வெளியூரிலிருந்து நல்ல பேட்ஸ்மேன் ஒருவரை கெஸ்ட் பிளேயராகக் கூப்பிடுவார்கள். கூலி என்று யாரும் சொல்வதில்லை, 'பெட்ரோல் காசு' என்றுதான் சொல்வார்கள். பல்லடத்திலிருந்து சோமனூருக்கு பைக்கில் வர எவ்வளவு பெட்ரோல் ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். கொடுப்பது அதைவிடப் பல மடங்கு. அவர் மேல் எனக்கு வருத்தம் கிடையாது. வாரம் முழுக்க லேத் பட்டறையில் நின்றுவிட்டு வருகிற ஆள், வாங்கட்டும். ஆனால் அவரைப் பற்றி எழுதும்போது 'ஆசைக்கு ஆடினார்' என்று மட்டும் எழுதினால் அது பாதி உண்மைதான்.

இங்கிலாந்திலும் இதே கதை நடந்தது. அந்தப் பெட்ரோல் காசுக்கு அங்கே 'செலவுத் தொகை' என்று பெயர். 1873-74-ல் டபிள்யூ. ஜி. கிரேஸ் ஓர் அணியைக் கூட்டிக்கொண்டு ஆஸ்திரேலியா போனார். அப்போதுதான் கல்யாணமான புதுசு, மனைவியும் கூடப் போனார். அவருக்குப் பேசிய தொகை 1,500 பவுன், செலவு தனி. கூடப் போன புரொஃபஷனல்களுக்கு ஆளுக்கு 170 பவுன். 1,500 வாங்கியவர் அமெச்சூர், 170 வாங்கியவர் கூலிக்காரர்! என் அக்கா மகள் இதைக் கேட்டு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம் நோட்டில் இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வட்டம் போட்டாள். அவளுடைய கட்டுரையில் நல்ல பக்கம் என்று அவள் ஆசிரியர் சொன்னது அதைத்தானாம்.

ஃப்ரெடும் அந்தக் கப்பலில் போனவர்தான். அந்த வீட்டில் அப்பா டாக்டர், அண்ணன்மார் நாலு பேரும் டாக்டர்கள். இ. எம். பின்னாளில் திடீர் மரணங்களை விசாரிக்கும் கொரோனர் ஆனார், ஆட்டக்காரர்கள் அவரைக் கூப்பிட்டதே 'கொரோனர்' என்றுதான். டபிள்யூ. ஜி. டாக்டர் பட்டம் வாங்கியது 1879-ல், முப்பத்தொரு வயதில். ஆட்டம் ஆட்டம் என்று போனதால் படிப்பு அத்தனை வருஷம் இழுத்தது. இப்படி வேலைக்கும் ஆட்டத்துக்கும் நடந்த இழுபறியை ஒரு பத்தியாவது எழுதுங்கள். வெறும் ரன் கணக்கில் அது வராது.

எண்ணை அந்தக் காலத்து விதியில் வைத்துப் படியுங்கள்

இங்கேதான் எல்லோரும் சறுக்குகிறார்கள். நானும் சறுக்கினேன். பல வருஷத்துக்கு முன்னால் எங்கள் கிளப் போர்டில் 'தெரியுமா?' என்று சாக்பீஸால் எழுதிப்போடுவேன். ஒரு தடவை, 1870-களில் ஒருவர் 60 ஓவர் வீசினார் என்று எங்கேயோ படித்துவிட்டு, '360 பந்து!' என்று ஆச்சரியக்குறி போட்டு எழுதினேன். மேட்ச் பார்க்க வந்த ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் பக்கத்தில் வந்து, "அப்ப ஓவருக்கு நாலு பந்துதானுங்க" என்றார். அவ்வளவு மெதுவாகத்தான் சொன்னார். 60 ஓவர் என்றால் 240 பந்து, இன்றைய கணக்கில் 40 ஓவர். துடைத்துவிட்டு மாற்றி எழுதினேன்.

இங்கிலாந்தில் 1888 வரை ஓவருக்கு நாலு பந்து. 1889-லிருந்து ஐந்து. 1900-லிருந்து ஆறு. இதை நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.

அதோடு இன்னும் சிலவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கையைத் தோளுக்கு மேல் தூக்கிப் பந்து வீசலாம் என்று அனுமதி வந்தது 1864-ல்தான். அதற்கு முன் ஆடியவரை 'வேகப்பந்து வீச்சாளர்' என்று எழுதும்போது, கை எந்த உயரத்தில் வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். சிக்ஸர் வேண்டுமென்றால் பந்து மைதானத்தையே தாண்டி வெளியே போக வேண்டும், எல்லைக்கோட்டைத் தாண்டினால் போதாது. இந்த நிலைமை 1910 வரை இருந்தது. அதனால் பழைய ஆளுக்கு 'சிக்ஸர் 0' என்று இருந்தால் அடிக்கத் தெரியாதவர் என்று முடிவு கட்டக் கூடாது. டிக்ளேர் செய்யும், அதாவது விக்கெட் மிச்சம் இருக்கும்போதே இன்னிங்ஸை முடித்துக்கொள்ளும் உரிமை 1889-ல்தான் வந்தது. ஃபாலோ ஆன், அதாவது பின்தங்கிய அணி உடனே மறுபடி ஆடுவது, அப்போது கேப்டன் விருப்பம் கிடையாது, கட்டாயம்: 80 ரன் பின்தங்கினால் மறுபடி ஆடியே ஆக வேண்டும். 1880 ஓவல் ஆட்டத்தில் இங்கிலாந்து 420, ஆஸ்திரேலியா 149. 'ஹாரிஸ் துணிந்து ஃபாலோ ஆன் கொடுத்தார்' என்று எழுதினால் தப்பு, அவர் கையில் எதுவும் இல்லை.

பிட்ச்சையும் மறக்க வேண்டாம். 1870-ல் லார்ட்ஸ் மைதானத்தில் ஜார்ஜ் சம்மர்ஸ் என்ற நாட்டிங்ஹாம்ஷயர் ஆட்டக்காரர் தலையில் பந்து பட்டு, சில நாளில் இறந்துபோனார். ஹெல்மெட் கிடையாது, தரை மேடுபள்ளம். அந்தத் தரையில் ஃப்ரெட் கிரேஸ் 195 முதல் தர ஆட்டங்கள் (சாதனைக் கணக்கில் சேரும் பெரிய ஆட்டங்கள்) ஆடி, 7,000-க்குச் சற்றுக் குறைவாக ரன் எடுத்து, சராசரி 25 வைத்திருந்தார். 300-க்கு மேல் விக்கெட்டும் எடுத்தார். இன்றைக்கு 25 என்றால் டீமில் இடம் கிடைக்காது. அன்றைக்கு அது நல்ல பேட்ஸ்மேனின் எண். கூட ஆடியவர்களின் சராசரியோடு வைத்துப் பாருங்கள், இன்றைய ஆளோடு வைக்காதீர்கள். அப்படிப் பார்க்கும்போதுதான் அண்ணன் டபிள்யூ. ஜி. 1871 ஒரே சீசனில் 78 சராசரியில் 2,739 ரன் எடுத்தது எவ்வளவு பெரிய காரியம் என்று உறைக்கும்.

இரண்டு இடத்தில் இரண்டு எண் இருந்தால் பதறவும் வேண்டாம். டபிள்யூ. ஜி.யின் மொத்த முதல் தர ரன் ஒரு பட்டியலில் 54,896, சதம் 126. இன்னொன்றில் 54,211, சதம் 124. யாரும் கூட்டலில் தப்பு செய்யவில்லை. எந்த ஆட்டத்தை முதல் தர ஆட்டமாகச் சேர்ப்பது என்பதில்தான் வித்தியாசம். ஒன்றைத் தேர்ந்தெடுத்து, கடைசி வரை அதையே பயன்படுத்துங்கள். பாதியில் மாற்றினால் டாலி ஆகாது.

கணக்கில் வராத ஆட்டம் நிறைய உண்டு என்பதையும் ஞாபகம் வையுங்கள். பேர்போன பதினோரு பேர் ஊர் ஊராகப் போவார்கள். எதிரே உள்ளூர் அணியில் பதினெட்டுப் பேர், இருபத்திரண்டு பேர்கூட இறங்குவார்கள். டபிள்யூ. ஜி. அணி ஆஸ்திரேலியாவில் முதலில் ஆடியதே விக்டோரியாவின் பதினெட்டுப் பேரை எதிர்த்துத்தான். இன்னிங்ஸ் வித்தியாசத்தில் தோற்றார்கள். இருபத்திரண்டு ஃபீல்டர் நிற்கிற மைதானத்தில் இடைவெளி எங்கே இருக்கும், ரன் எப்படி வரும்? அமெச்சூர் ஒருவரின் உழைப்பில் பெரும்பகுதி இந்த மாதிரி ஆட்டங்களில்தான் போயிருக்கும். சாதனைப் பட்டியலில் அதற்கு இடமே இல்லை.

மூன்று கட்டம் போட்ட தாள்

ஒரு முழுத்தாளை எடுத்து மூன்று கட்டம் போடுங்கள். முதலில் அவர் வாழ்க்கை, இரண்டாவதில் ஆட்டத்தின் விதி, மூன்றாவதில் நம்ம ஊர். மூன்றாவது எதற்கு என்று அக்கா மகளும் கேட்டாள். போட்டுப் பார்த்த பிறகு அவளே விடவில்லை.

1850 டிசம்பர் 13: பிரிஸ்டல் பக்கத்தில் டவுன்எண்டு என்ற ஊரில் ஃப்ரெட் பிறக்கிறார், ஒன்பது பிள்ளைகளில் கடைசி. அப்போது நம் பக்கம் ரயில் கிடையாது. 1862-ல் போத்தனூருக்கு ரயில் வருகிறது. அப்போது அவருக்குப் பதினொன்று, வீட்டுத் தோப்பில் அண்ணன்மாரோடும் தாய்மாமன் போக்காக்கோடும் பந்து ஆடிக்கொண்டிருக்கிறார். தாய்மாமன்தான் அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குப் பயிற்சியாளர். அதை எழுதும்போது இவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

1866: கோயம்புத்தூர் நகராட்சி ஆகிறது. அதே வருஷம் ஃப்ரெட் முதல் தர ஆட்டத்தில் இறங்குகிறார், வயது பதினைந்து.

1876: இந்தக் கட்டத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் கை நின்றுவிட்டது. ஆகஸ்ட் மாதம் எட்டே நாளில் டபிள்யூ. ஜி. 344, 177, ஆட்டமிழக்காமல் 318 என்று அடித்துத் தள்ளுகிறார். மூன்றாவது கட்டத்தில் தாது வருஷப் பஞ்சம். கோயம்புத்தூர் ஜில்லாவும் தப்பவில்லை. தாது வருஷத்தில் என்னென்ன தின்று உயிர் பிழைத்தார்கள் என்று என் அப்பாரு (தாத்தா) சொல்லக் கேட்டிருக்கிறேன். அவருக்கு அவருடைய அப்பாரு சொன்னது அது. 344 ரன்னையும் பஞ்சத்தையும் முடிச்சுப் போட்டு ஒரு வாக்கியம் எழுத வேண்டியதில்லை. ஒரே வருஷம் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் படிக்கிறவர் பார்த்துக்கொள்வார்.

தாளின் அடியில், ஃப்ரெட் போன பிறகு, 1888 என்று ஒரு வரி சேர்த்தோம். கோவையில் ஸ்டேன்ஸ் துரை நூற்பாலை தொடங்கிய வருஷம். மதராஸில் புச்சி பாபு நாயுடு, இந்தியர்கள் ஆடுவதற்கென்று மெட்ராஸ் யுனைடெட் கிளப் தொடங்கியதும் அதே வருஷம்தான். அவரும் 19ஆம் நூற்றாண்டு அமெச்சூர் ஆட்டக்காரர்தான். அடுத்த கட்டுரை அவரைப் பற்றி எழுது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஒரே ஒரு ஆட்டத்தைக் கிட்டத்தில் போய்ப் பாருங்கள்

வாழ்க்கை முழுவதையும் ஒரே அளவில் எழுதினால் எதுவும் மனதில் நிற்காது. பத்துப் பக்கத்தில் மூன்று பக்கமாவது ஒரே ஆட்டத்துக்குக் கொடுங்கள். ஃப்ரெடுக்கு அது ஓவல் ஆட்டம்.

அட்டையில் இருப்பது இவ்வளவுதான். முதல் இன்னிங்ஸ்: கேட்ச் பேனர்மேன், பந்து மூல், 0. இரண்டாவது இன்னிங்ஸ்: போல்டு பாமர், 0. இப்போது அதே அட்டையின் மற்ற வரிகளையும் சேர்த்துப் படியுங்கள். முதல் இன்னிங்ஸில் அண்ணன் டபிள்யூ. ஜி. 152, இங்கிலாந்துக்காக அடிக்கப்பட்ட முதல் டெஸ்ட் சதம். பெரியண்ணன் இ. எம். 36. அண்ணன்மார் இரண்டு பேரும்தான் தொடக்க ஜோடி, 91 ரன் சேர்த்தார்கள். இரண்டாவது இன்னிங்ஸில் ஜெயிக்க 57 தான் வேண்டும். சின்ன இலக்குதானே என்று வரிசையை மாற்றி, கீழே ஆடுகிறவர்களை முன்னால் அனுப்பினார்கள். ஃப்ரெட் தொடக்க ஆட்டக்காரராகப் போனது அப்படித்தான். பூஜ்யத்தில் போல்டு. 31 ரன்னுக்குள் ஐந்து விக்கெட் போய், கடைசியில் டபிள்யூ. ஜி.யும் ஃபிராங்க் பென்னும் நின்று முடித்தார்கள். அந்த இரண்டாவது பூஜ்யம் அவர் வழக்கமான இடத்தில் நின்று வாங்கியது இல்லை என்பது இப்போது தெரிகிறதல்லவா?

அப்புறம், எதிரணி அட்டையைப் படியுங்கள். பாதிப் பேர் இதைச் செய்வதே இல்லை. ஆஸ்திரேலியாவின் முதல் இன்னிங்ஸில் ஒரு வரி: பானர், கேட்ச் ஜி. எஃப். கிரேஸ், பந்து ஷா, 2. ஜார்ஜ் பானர் ஆறரை அடி உயரம், பந்தை எங்கே அடிப்பார் என்று ஊரே வந்து பார்க்கும். அவர் தூக்கி அடித்த பந்து எவ்வளவு உயரம் போனதென்றால், அது கீழே வருவதற்குள் பேட்ஸ்மேன்கள் இரண்டு ரன் ஓடி மூன்றாவதுக்குத் திரும்பிவிட்டார்கள். ஃப்ரெட் கீழே நின்று காத்திருந்து பிடித்தார். தூரம் அளந்து பார்த்ததில் 115 கஜம் என்று சொல்கிறார்கள். அண்ணாந்து பந்தைப் பார்த்தபடி எத்தனை நேரம் நின்றிருப்பார்! சூலூர்ப் பக்கம் திறந்த காட்டில் ஆடி மாதம் உயரக் கேட்சுக்கு நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். பாலக்காட்டுக் கணவாயிலிருந்து வருகிற காத்து பந்தை இழுத்துக்கொண்டே போகும், கால் தானாகப் பின்னால் நகரும், கழுத்து வலிக்கும்.

அட்டையில் அதெல்லாம் இல்லை. 'கேட்ச் ஜி. எஃப். கிரேஸ்' என்பதோடு சரி.

இதைச் சொல்லும்போது என் பழைய ஸ்கோர் புக் ஒன்றை எடுத்து அவளுக்குக் காட்டினேன். 1998-ம் வருஷத்தது. ஓரத்தைக் கரையான் அரித்திருக்கிறது, நடுவில் டீ கிளாஸ் வைத்த வட்டம். எங்கள் டீமில் தறிக்குப் பாவு நூல் ஓட்டுகிற அண்ணன் ஒருவர் இருந்தார். அந்தப் பக்கத்தில் அவர் பெயருக்கு நேரே 'ரன் அவுட் 0'. பக்க ஓரத்தில் என் கையெழுத்தில் சின்னதாக இரண்டு வார்த்தை: 'தானே ஓடினார்'. கடைசி ஓவரில், நன்றாக அடித்துக்கொண்டிருந்த பையனுக்கு ஸ்ட்ரைக் கிடைக்க வேண்டுமென்று தெரிந்தே ஓடி அவுட் ஆனார். ஜெயித்தோம். அவர் காலமான பிறகு அவருடைய மகன் வந்து அந்தப் பக்கத்தை செல்போனில் படம் பிடித்துக்கொண்டு போனான். ரன் கட்டத்தைப் பெரிதாக்கிப் பார்க்கவில்லை, ஓரத்தில் இருந்த அந்த இரண்டு வார்த்தையைத்தான் பெரிதாக்கிப் பார்த்தான்.

உங்கள் ஆட்டக்காரருக்கும் அப்படி ஓரக்குறிப்பு எங்கேயாவது இருக்கும். அது பெரும்பாலும் செய்தித்தாளில் இருக்கும். ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் ட்ரோவ் என்ற தளத்தில் பழைய செய்தித்தாள்களைக் காசில்லாமல் படிக்கலாம். 1873 டிசம்பரிலிருந்து சில மாதங்களுக்கு டபிள்யூ. ஜி. அணி போன ஊரெல்லாம் அதில் வரும். பெயரை முதலெழுத்துகளோடும் தேடுங்கள், இல்லாமலும் தேடுங்கள். பழைய அச்சை மெஷின் படித்து ஏற்றியது என்பதால் எழுத்து மாறிக் கிடக்கும். விஸ்டன் என்ற கிரிக்கெட் ஆண்டு மலர் 1864-ல் தொடங்கியது, பழைய மலர்கள் சில இன்டர்நெட் ஆர்கைவில் உண்டு. ஸ்கோர் அட்டைக்கு கிரிக்இன்ஃபோ தளம் போதும். கோவையில் இருப்பவர்கள் ஆர்.எஸ்.புரம் கௌலி பிரவுன் ரோட்டில் மாவட்ட மைய நூலகத்துக்கும் ஒரு நடை போய் வாருங்கள். ஜில்லா வரலாற்றுக்கு, அதாவது அந்த மூன்றாவது கட்டத்துக்கு, செல்போனைவிட அங்கே நிதானமாகத் தேடலாம்.

அவருக்குத் தெரியாததை அவர் தலையில் ஏற்றாதீர்கள்

அவள் எழுதிய முதல் படியில் ஒரு வரி இருந்தது: 'தன் ஒரே டெஸ்ட் போட்டியில் சரியாக ஆடவில்லையே என்று ஃப்ரெட் வருந்தியிருப்பார்.' அதை எடுக்கச் சொன்னேன். எந்தெந்த ஆட்டம் டெஸ்ட் என்ற பட்டியலைப் போட்டவர் கிளாரன்ஸ் மூடி என்ற ஆஸ்திரேலியப் பத்திரிகையாளர், 1894-ல். ஃப்ரெட் ஆடியது 1880-ல். அவர் ஆடியது நல்ல கூட்டம் வந்த, பெரிய, கௌரவமான ஓர் ஆட்டம். தனக்கு 'டெஸ்ட் 1, ரன் 0' என்று ஒரு வரி நிரந்தரமாக நிற்கப்போகிறது என்று அவருக்குத் தெரிய வழியே இல்லை. பதினாலு வருஷம் கழித்து மற்றவர்கள் போட்ட கணக்கை வைத்து அவரை வருத்தப்பட வைக்கக் கூடாது. இதை நான் கொஞ்சம் கோபமாகவே சொன்னேன். அவள் அடித்துவிட்டாள்.

இறப்பை எழுதும்போதும் இதே கவனம் வேண்டும். ஓவல் ஆட்டம் முடிந்தது செப்டம்பர் 8. அப்புறமும் ஃப்ரெட் ஓயவில்லை. ஸ்ட்ரவுடு என்ற ஊரில் ஆடினார், உடம்பில் சளி பிடித்திருந்தது. அடுத்த ஆட்டத்துக்கு வின்செஸ்டர் போகிற வழியில், பேசிங்ஸ்டோக் ஊரில் ஒரு விடுதியில் படுத்தார். நெஞ்சுச் சளி முற்றி, செப்டம்பர் 22 அன்று அங்கேயே இறந்தார். வயது இருபத்தொன்பது. ஓவல் ஆட்டம் முடிந்து பதினாலாவது நாள். இதற்கு மேல் ஒரு உவமையும் வேண்டாம். தேதியை வரிசையாக எழுதினாலே போதும்.

எழுதி முடித்ததும், கிரிக்கெட் தெரியாத ஒருவருக்கு வாசித்துக் காட்டுங்கள். ரொம்ப முக்கியம் இது. கிரிக்கெட் தெரிந்தவர்கள் ரன்னைத்தான் கேட்பார்கள். நாலாவது ஞாயிறு ராத்திரி, அரிசியும் பருப்பும் சாதம் தின்றுவிட்டு உட்கார்ந்திருந்தோம். அக்கா தறிக்கு நூல் தார் சுற்றிக்கொண்டிருந்தாள். மகள் வாசித்தாள். அக்காவுக்கு ஓவரும் தெரியாது, ஃபாலோ ஆனும் தெரியாது. முடித்ததும் கையை நிறுத்தாமலே கேட்டாள்:

"அந்தப் பையனோட அம்மா அப்ப இருந்தாங்களா கண்ணு?"

பத்துப் பக்கத்தில் அம்மா ஒரு வரியில்கூட இல்லை. மறுபடி தேடினோம். இருந்தார். பெயர் மார்த்தா. பிள்ளைகள் ஆட்டத்தைப் பக்கத்தில் இருந்து கவனித்து வளர்த்தவர், கிரிக்கெட் தெரிந்த அம்மா. கடைசிப் பிள்ளை போன பிறகு மூன்று வருஷத்துக்கு மேல் இருந்தார். 1884 ஜூலையில், மான்செஸ்டர் ஓல்டு டிராஃபோர்டில் லங்காஷயர் அணியை எதிர்த்து இ. எம்.மும் டபிள்யூ. ஜி.யும் ஆடிக்கொண்டிருந்தபோது அம்மா இறந்த தந்தி வந்தது. எதிரணிக் கேப்டன் ஹார்ன்பி ஆட்டத்தை அப்படியே நிறுத்திவிட்டார். அந்த ஆட்டம் முடியாமலே போனது, ஸ்கோர் அட்டையும் அப்படியே பாதியில் நிற்கிறது.

அக்கா மகள் ராத்திரியோடு ராத்திரியாக அந்தப் பத்தியைச் சேர்த்தாள். கடைசியில் சேர்க்கவில்லை. தோப்பில் பிள்ளைகள் பந்து ஆடுகிற இடத்துக்குப் போய், அங்கே அம்மாவை நிற்க வைத்தாள்.